கட்டுங்க, ஆனா ஒரே இழுவையில அவுறணும்

வாசகர் கேள்வி பதில்

ரெண்டு இதழுக்கு முன்னாடி, ஆத்துல எறங்கி தூண்டில் போடுறவங்க சாமான் சட்டு எப்பிடி பத்திரமா வச்சிக்கிறதுன்னு கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தோம். பொகவந்தலாவையில இருந்து நுவரெலியா வரைக்கும் கடிதம் வந்துருச்சு, வட்சப்லயும் நெறைய பேரு வொய்ஸ் போட்டிருந்தீங்க. எல்லாத்துக்கும் இங்க எடமில்ல, ஒரே மாதிரி கேள்விகள ஒன்னா சேத்துட்டேன். ஒரு தாயோட கேள்விக்கு மட்டும் பதில் நீளமா போயிருச்சு, அத வெட்ட எனக்கு மனசு வரல.

கேள்வி: அண்ணே, போன ஞாயித்துக்கிழம கெசல்கமு ஓயாவுல எறங்குனேன். இடுப்பளவுகூட இல்ல, முழங்காலுக்கு கொஞ்சம் மேலதான் தண்ணி. கால் வழுக்கி உக்காந்துட்டேன், எந்திரிக்கிறதுக்குள்ள கொக்கி ஈயம் மிதப்பு எல்லாம் வச்சிருந்த பொக்ஸ் போயே போச்சு. சேட் பொக்கெட்ல இருந்த போனும் செத்துருச்சு. தண்ணி போகாத போன்னு சொல்லித்தான் கடையில குடுத்தாங்க. இனிமே எப்பிடி கொண்டு போறது? (பொகவந்தலாவை வாசகர்)

பதில்: தம்பி, மொதல்ல நீங்க எந்திரிச்சு வந்தீங்களே, அது போதும். முழங்காலளவு தண்ணின்னு லேசா நெனைக்கிறோம், ஆனா ஓடுற தண்ணி சும்மா நிக்கிற தண்ணி மாதிரி இல்ல, வேகம் ரெண்டு மடங்கானா அது நம்மள தள்ளுற பலம் நாலு மடங்காகும். அதனாலதான் நேத்து நின்ன அதே எடத்துல இன்னைக்கு நிக்க முடியாம போகுது, தண்ணி ஒசரம் அவ்வளவா கூடியிருக்காது, வேகம்தான் கூடியிருக்கும்.

பொக்ஸ கையில வச்சிருந்தீங்களா, பேக்ல வச்சிருந்தீங்களான்னு எழுதல. கையிலதான்னு நெனைக்கிறேன், ஏன்னா நம்மாளுங்க முக்காவாசி பேரு ஒரு கையில தூண்டில், இன்னொரு கையில பொக்ஸ், தோள்ல சொப்பிங் பேக்னுதான் எறங்குவாங்க. ஆத்துக்குள்ள ஒரு கை எப்பவும் சும்மா இருக்கணும், கம்பு புடிக்க, பாறைய புடிக்க, விழுந்தா ஊண்ட. கை சும்மா இருக்கணும்னா சாமான் ஒடம்புல இருக்கணும், அதுவும் இடுப்புக்கு மேல, நெஞ்சுக்கு முன்னால. முதுகுல தொங்குற பேக்ல இருந்து ஒரு கொக்கிய எடுக்கிறதுக்கு திரும்புறீங்க பாருங்க, அந்த திரும்புற நேரத்துலதான் கால் போகும். பழைய ஸ்கூல் பேக்க நெஞ்சுப்பக்கமா குறுக்க போட்டாலும் சரிதான்.

அப்புறம், ஆத்துக்கு எல்லாத்தையும் கொண்டு போகாதீங்க. பெரிய பொக்ஸ் கரையில இருக்கட்டும். அன்னைக்கு தேவையான பத்து கொக்கி, கொஞ்சம் ஈயம், ரெண்டு மிதப்பு, இத ஒரு சின்ன மூடி டப்பாவுல போட்டு எடுத்துக்கோங்க. வீட்டுல ஒரு வாளி தண்ணியில சாமானோட அந்த டப்பாவ போட்டு பாருங்க, மெதக்குதா தாழுதான்னு தெரிஞ்சிரும். தாழ்ந்தா உள்ள மூடிப்பக்கம் ஒரு துண்டு ரிஜிபோம் (தெர்மோகோல்) வெட்டி ஒட்டுங்க. டப்பாவச் சுத்தி செவப்பு இல்லன்னா ஒரேஞ் கலர் டேப் ஒட்டுங்க, நம்ம ஆத்துல பாறையும் கறுப்பு எலயும் கறுப்பு, கறுப்பு டப்பா விழுந்தா கண்ணுக்கு முன்னாடி இருந்தாலும் தெரியாது.

போன் விஷயத்துல கடைக்காரர் சொன்னது பொய்யின்னும் சொல்ல முடியாது, முழு உண்மையுமில்ல. ஐபி 67ன்னு போட்டிருந்தா ஒரு மீட்டர் ஆழத்துல, அசையாத நல்ல தண்ணியில, அரைமணி நேரம் தாங்கும்னு அர்த்தம். ஓடுற ஆத்துல பாறைமேல விழுந்து, ஓரத்துல லேசா வெடிச்சு, அந்த வழியா தண்ணி போச்சுன்னா அந்த கணக்கெல்லாம் செல்லாது. பழைய போன்ல உள்ள இருக்கிற ரப்பர் பசையும் வருஷம் போகப்போக விட்டுரும். வாய சுருட்டி மூடுற ட்ரை பேக்குன்னு விக்கிறாங்க, அதுல போட்டு வாய மூணு சுத்தாவது சுருட்டணும், ஒரு சுத்து சுருட்டிட்டு பூட்டுனா தண்ணி போகும். உள்ள கொஞ்சம் காத்து இருக்கிற மாதிரி மூடுனா விழுந்தாலும் மெதக்கும். அதவிட நல்ல வழி, கரையில நிக்கிற ஆள்கிட்ட போன குடுத்துட்டு எறங்குறது. உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா கோல் எடுக்கப்போறது அவருதான், தண்ணிக்குள்ள இருக்கிற நீங்க இல்ல.

கேள்வி: ஐயா, எங்க வீடு தலவாக்கலையில. என் மகனுக்கு பத்தொம்பது வயசு, மீன் பைத்தியம். அவங்க மாமா வெளிநாட்டுல இருந்து வாங்கியாந்த தூண்டில் ராட் ஒன்னு வச்சிருக்கான், வெலை கூடுனது. அது ஆத்துல போயிறக்கூடாதுன்னு ராட்ட ஒரு நைலோன் கயித்தால கைல கட்டிக்கிட்டு எறங்குறான். எனக்கு பாக்கவே பயமா இருக்கு. கேட்டா “சாமான் பத்திரமா இருக்கணும்லம்மா” ன்னு சொல்றான். நான் பயப்படுறது சரியா? (ஒரு தாய்)

பதில்: அம்மா, நீங்க பயப்படுறது நூத்துக்கு நூறு சரி. இந்தப் பக்கத்த அப்பிடியே அவன் கையில குடுத்து வாசிக்கச் சொல்லுங்க, நான் அவனுக்கே எழுதுறேன்.

தம்பி, எனக்கு இருபத்தி நாலு வயசு இருக்கும்போது நானும் இததான் செஞ்சேன். அக்கரப்பத்தனைக்கு கீழ ஆகரா ஓயாவுல, மழை விட்டு ரெண்டு நாள், தண்ணி கொஞ்சம் தெளிஞ்சிருந்துச்சு. கையில இருந்தது பல மாசம் சம்பளத்துல மிச்சம் புடிச்சு வாங்குன ராட், அது போயிறக்கூடாதுன்னு நைலோன் கயித்தால மணிக்கட்டுல ரெண்டு சுத்து சுத்தி இறுக்கிக் கட்டியிருந்தேன். பாசிக் கல்லுல கால் வச்சதும் வழுக்கிருச்சு, தண்ணி ஒரு பத்தடி இழுத்துக்கிட்டு போச்சு, அதுவரைக்கும்கூட பயம் இல்ல, கீழ ஆழம் கொறஞ்ச எடம் இருக்குன்னு எனக்கு தெரியும், அங்க போய் எந்திரிச்சிரலாம்னு நெனச்சேன். ஆனா ராட் ரெண்டு பாறைக்கு நடுவுல குறுக்க மாட்டிக்கிச்சு. ராட் மேல, நான் கீழ, நடுவுல கயிறு விறைச்சு நிக்குது. தண்ணி ஓடுற பக்கமா போனா தப்பிச்சிருப்பேன், கயிறு போக விடல. பின்னாலயிருந்து வர்ற தண்ணி தலைமேல ஏறி என்ன அமுக்குது, கைய மடக்கி ஒடம்ப மேல இழுத்தாத்தான் மூச்சு விட முடியும், ரெண்டு மூணு தடவ இழுத்தேன், அதுக்கப்புறம் கையில பலம் இல்ல. முடிச்ச அவுக்கலாம்னு பாத்தா ஈரத்துல நைலோன் இறுகி கல்லு மாதிரி கெடக்கு. நம்ம பக்கத்து தண்ணி எவ்வளவு சில்லுன்னு உனக்கே தெரியும், வெரல் மரத்துப் போச்சு, முடிச்சு எங்க இருக்குன்னு தொட்டுக்கூட பாக்க முடியல. கரையில நின்ன கூட்டாளி கவ்வாத்துக் கத்தியோட பாஞ்சு வந்து கயித்த அறுத்துவிட்டான். அவன் அன்னைக்கு காலையில மலையில தேயிலைச் செடிய கவ்வாத்து வெட்டிட்டு நேரா ஆத்துக்கு வந்திருந்தான், அதனாலதான் கத்தி கையில இருந்துச்சு. வீட்டுக்கு போய் குளிச்சிட்டு வந்திருந்தான்னா நான் இன்னைக்கு இந்த பதில எழுத இருந்திருக்க மாட்டேன்.

சாமான கட்டவே கூடாதுன்னு நான் சொல்லல. கட்டுங்க, ஆனா ஒரே இழுவையில அவுறணும், நீங்க இழுக்க முடியலன்னா தானாவே அறுந்து போகணும். இது ரெண்டும் இல்லாத எந்த கட்டையும் ஓடுற தண்ணிக்குள்ள கொண்டு போகாதீங்க. மணிக்கட்டுல, கழுத்துல, கணுக்கால்ல எதையும் சுத்தாதீங்க, கட்டுறதா இருந்தா பெல்ட்டுல கட்டுங்க.

மாடு கட்டுற முடிச்சு தெரியும்தானே, நுனிய இழுத்தா அவுற மாதிரி ஒரு வளையம் விட்டு போடுவாங்க. அந்த முடிச்சத்தான் போடணும், இழுக்கிற நுனியில ஒரு பெரிய மர மணியோ போத்தல் மூடியோ கோத்து விடுங்க, வெரல் மரத்துப் போனாலும் உள்ளங்கையால புடிச்சு இழுக்கலாம். வீட்டுல கண்ண மூடிக்கிட்டு எடது கையாலயும் வலது கையாலயும் அவுத்துப் பழகுங்க, ஐஸ் தண்ணியில கைய கொஞ்ச நேரம் வச்சிட்டு அவுத்துப் பாத்தீங்கன்னா இன்னும் நல்லது, ஆத்துல கை எப்பிடி இருக்கும்னு அப்பதான் வெளங்கும்.

தானா அறுற கட்டுன்னா, கயித்துக்கு நடுவுல ஒரு எடத்துல வெட்டி, அந்த ரெண்டு நுனியையும் சாதாரண தையல் நூலால மூணு நாலு சுத்து சுத்தி இணைக்கிறது. ராட்டும் ரீலும் சேந்தாலும் பெரிய பாரம் இல்ல, கையிலயிருந்து நழுவுனா அந்த நூலு தாங்கிரும். ஆனா உங்க முழு ஒடம்பும் தண்ணியோட வேகமும் சேந்து இழுத்தா படக்குன்னு அறுந்துரும். கட்டி முடிச்சதும் கையால வெடுக்குன்னு ஒரு இழு இழுத்துப் பாருங்க, அறலைன்னா ஒரு சுத்த கொறைங்க. தங்கூசிய, அதான் தூண்டில் நூல, மட்டும் இந்த எடத்துக்கு எடுக்காதீங்க, மெல்லிசா இருக்குன்னு நெனப்பீங்க, அது அறாது, சதையதான் அறுக்கும்.

இன்னொன்னு தம்பி. நீங்க இருக்கிறது தலவாக்கலையில. மேல் கொத்மலை நீர்த்தேக்கத்துக்கு கீழ, சென் கிளயார் அருவிப் பக்கம் ஆறு அமைதியா கெடக்கும், பாறையெல்லாம் காஞ்சு கெடக்கும், நடந்தே போயிரலாம் போல இருக்கும். மேல மழை பேஞ்சு நீர்த்தேக்கம் நெறைஞ்சா வான்கதவ தொறப்பாங்க, உங்க தலைக்கு மேல வெயில் அடிச்சுக்கிட்டு இருக்கும்போதே தண்ணி வந்துரும். ஆகரா ஓயா, நானுஓயா பக்கத்துல எங்க மழை பேஞ்சாலும் அது இங்கதான் வந்து சேருது. அந்த எடத்துல சாமான் பத்திரத்தப் பத்தி பேசி பிரயோசனம் இல்ல, எறங்கவே கூடாது. சைரன் சத்தம் கேட்டா ராட்ட போட்டுட்டு ஓடணும், மடக்கி பேக்ல வைக்கிறதுக்கு நிக்கக் கூடாது.

அணை இல்லாத எடத்துலயும் ஆறு முன்னாடியே சொல்லும். தெளிஞ்ச தண்ணி பிளேன்டீ கலருக்கு மாறும், காஞ்ச எல, சுள்ளி, மலையில வெட்டிப்போட்ட கவ்வாத்துக் குச்சி எல்லாம் மெதந்து வரும், இவ்வளவு நேரம் வெளிய தெரிஞ்ச கல்லு ஒன்னு மறஞ்சு போகும். ஒக்டோபர் நவம்பர்ல பகல் ரெண்டு மணிக்கு மேல இடி மழை கொட்டுற காலத்துல இத கண்ணு வச்சு பாத்துக்கிட்டே இருக்கணும். நான் எறங்குன ஒடனே எதிர்ல ஒரு கல்ல அடையாளம் வச்சிருவேன், அதுல ரெண்டு வெரல் தண்ணி ஏறுனா கரைக்கு வந்துருவேன், மீன் கடிச்சுக்கிட்டு இருந்தாலும் சரி.

ராட் போனா போகட்டும் தம்பி, ராட்டு வேற வாங்கலாம். உங்க மாமாகிட்ட நானே பேசுறேன், அவருக்கும் ராட்டவிட நீதான் முக்கியம்.

கேள்வி: சேர், நான் நுவரெலியாவுல வெளிநாட்டு ஆக்கள ட்ரவுட் மீன் புடிக்க கூட்டிப்போற வேலை செய்றேன். அவங்க நெஞ்சு வரைக்கும் வர்ற, தண்ணி போகாத வேடர்ஸ் உடுப்பு போட்டுக்கிட்டு வர்றாங்க. எனக்கும் ஒருத்தரு பழசு ஒன்னு குடுத்துட்டு போனாரு. அதுக்குள்ள தண்ணி போனா ஆள அடியில இழுத்துரும்னு சொல்றாங்க, உண்மையா? வலை, கம்பு எல்லாம் அதுல எங்க மாட்டுறது? (நுவரெலியா வாசகர்)

பதில்: அடியில இழுக்காது. தண்ணிக்குள்ள இருக்கிற வரைக்கும் உள்ள போன தண்ணிக்கு பாரம் கெடையாது. ஆனா நீந்த விடாது, காலத் தூக்க விடாது, கரையில ஏறும்போதுதான் அந்த பாரம் முழுசா தெரியும், ஒரு வாளி தண்ணி பத்து கிலோ, காலுக்கு ஒரு வாளின்னு வச்சாலும் இருபது கிலோவ தூக்கிக்கிட்டு வழுக்குற கரையில ஏறணும். அதனால வேடர்ஸுக்கு மேல இடுப்புல பெல்ட் கண்டிப்பா போடணும், மூச்சு விட முடியுற அளவுக்கு எவ்வளவு இறுக்கலாமோ அவ்வளவு இறுக்கணும். விழுந்தா மேலயிருந்து தண்ணி சட்டுன்னு கீழ எறங்காது. பெல்ட் இல்லாம யாரையும் எறக்காதீங்க, காசு குடுக்கிற ஆள் சொன்னாலும் சரி.

அந்த பெல்ட்லதான் கம்ப மாட்டணும். கம்பு மட்டும்தான் ஆத்துக்குள்ள எப்பவும் கூடவே வேணும்ங்கிற சாமான், அதனால அதுக்கு கயிறு போடலாம், இடுப்புக்குப் பின்பக்கமா, கொக்கியில கழட்டுற மாதிரி. மூங்கில் கம்பு போதும், டர்பன்டைன் மரக் கம்புன்னா இன்னும் பலம், அக்குள் அளவு ஒசரம் இருந்தா நல்லது. கம்ப தண்ணி வர்ற பக்கமா ஊண்டணும், மொகமும் அந்தப் பக்கம்தான் இருக்கணும், நண்டு மாதிரி பக்கவாட்டுல நகரணும், ஒரு கால ஊண்டி நிலைச்சதுக்கப்புறம்தான் மத்த கால எடுக்கணும், கால கால் மேல மாத்திப் போட்டு நடக்கவே கூடாது.

வலை முதுகுப்பக்கம், கழுத்துக்குக் கீழ. காந்தத்துல ஒட்டி இழுத்தா வர்ற மாதிரி கிளிப் விக்கிறாங்க, நல்ல சாமான். ரப்பர் கயித்துல தொங்க விடுறத மட்டும் நான் ஒத்துக்க மாட்டேன், கரையில செடிக்குள்ள நடக்கும்போது வலை கெளையில மாட்டி, கயிறு நீண்டு, அப்புறம் விட்டு வந்து பொடனியில அடிக்கும். காந்தத்தோட சுருள் கயிறு இருந்தா அது தளர்வா இருக்கணும். நூல் வெட்டுறது, கொக்கி புடுங்குற இடுக்கி மாதிரி சின்ன சாமானுக்கு, இழுத்தா வந்து விட்டா சுருட்டிக்கிட்டு போற ரீல் கிளிப் இருக்கு, ஒபிஸ்ல ஐடி கார்ட் மாட்டுறாங்களே அதே சாமான்தான், டவுன்ல புத்தகக் கடையிலயே கெடைக்கும், ரெண்ட வாங்கி நெஞ்சுல மாட்டுங்க.

ட்ரவுட் நம்ம மலைக்குச் சொந்தமான மீன் இல்ல, 1880கள்ல வெள்ளக்காரன் கொண்டு வந்து விட்டது, குளிர் தண்ணி இருக்கிறதால இங்க நின்னுருச்சு. ஆளுங்கள ஹோட்டன் சமவெளிப் பக்கம் கூட்டிப்போறதா இருந்தா, அது 1988ல இருந்து தேசிய பூங்கா, அனுமதி எழுத்துல இல்லாம தூண்டில வெளியகூட எடுக்காதீங்க.

கேள்வி: நான் ஹட்டன்ல டீச்சரா இருக்கேன். பொம்பளைங்களும் தூண்டில் போடுறோம்னு எழுதுங்க ப்ளீஸ். கண்ணாடி இல்லாம எனக்கு எதுவும் தெரியாது, அது ரெண்டு தடவ தண்ணியில விழுந்துருச்சு. என்ன செய்றது? (ஹட்டன் வாசகி)

பதில்: எழுதிட்டேன் டீச்சர், எழுதவே தேவையில்லாத விஷயமா இது ஆகணும், என் அத்தை ஒருத்தங்க தேயிலைக் கூடையோடயே ஆத்தோரம் உக்காந்து மீன் புடிச்சத நான் சின்ன வயசுல பாத்திருக்கேன்.

கண்ணாடிக்கு பின்பக்கமா கட்டுற எலாஸ்டிக் பட்டி போடுங்க, ஆனா கழுத்தச் சுத்தி தொங்குற நைலோன் கயிறு வேணாம். ரெண்டு காம்புலயும் மாட்டுற ரப்பர் குழாய் மாதிரி வர்ற பட்டி நல்லது, ஏதாவதுல மாட்டுனா காம்புல இருந்து தானா கழண்டுரும். பழைய ஒரு கண்ணாடி இருந்தா அத ஆத்துக்குன்னு வச்சிருங்க, புதுச கரையில டப்பாவுல விட்டுட்டு வாங்க. வசதி இருந்தா உங்க பவருக்கு போலரைஸ்ட் கண்ணாடி ஒன்னு போட்டுக்கோங்க, தண்ணி மேல விழுற வெளிச்சத்த வெட்டிரும், அடியில கல்லு இருக்கா குழி இருக்கான்னு தெரியும். கீழ விழாம இருக்கிறதுக்கு அதவிட பெரிய பாதுகாப்பு இல்ல.

கேள்வி: த்ரீவீல் சாவிய எங்க வைக்கிறது? கல்லுக்கு அடியில வச்சிட்டு போறேன், ஒரு நாள் எந்த கல்லுன்னே மறந்து இருட்டுற வரைக்கும் தேடுனேன். (மஸ்கெலியா வாசகர்)

பதில்: கல்லுக்கு அடியில வேணாம், நீங்க மறக்காட்டியும் வேற யாராவது பாத்துக்கிட்டு இருப்பாங்க. ட்ரவுசர் உள்பொக்கெட்ல போட்டு, பொக்கெட் துணியோட சாவி வளையத்தையும் சேத்து ஒரு பெரிய ஊக்கு குத்துங்க. வளையத்துல போத்தல் கோர்க் ரெண்டு மூணு கோத்தா விழுந்தாலும் மெதக்கும், வாளியில போட்டு பாத்துட்டு கோருங்க. பட்டன் அமுக்குற சாவின்னா போன் மாதிரிதான், ட்ரை பேக்ல போடணும். ரெண்டாவது சாவி வீட்டுல இருக்கட்டும், அதையும் சேத்து ஆத்துக்கு கொண்டு வராதீங்க.

கேள்வி: நான் பென்சன் எடுத்தவன், எழுபது வயசு. லிந்துலையில ஆத்துல தூண்டில் வீசுறப்ப ராட்டோட மேல் துண்டு கழண்டு பறந்து போயிருச்சு. நல்லவேள நூல்ல மாட்டிக்கிட்டு நின்னுச்சு. ஒரு தடவ ரீலே கழண்டு தண்ணியில விழுந்துருச்சு. சாமான் சரியில்லையா, நான் சரியில்லையா? (லிந்துலை வாசகர்)

பதில்: ஐயா, ரெண்டும் சரிதான். துண்டு துண்டா மாட்டுற ராட் வீச வீச இணைப்புல தளரும், அது எல்லா ராட்டுக்கும் வர்றது. எறங்குறதுக்கு முன்னாடி துண்டுகள கொஞ்சம் திருப்பி வச்சு சொருகி, சொருகும்போதே வளையங்கள் நேரா வர்ற மாதிரி திருப்புனா நல்லா கவ்விக்கும். அரைமணிக்கு ஒருக்க ஒவ்வொரு இணைப்பையும் கையால தொட்டு அமுக்கிப் பாருங்க, ரீல புடிச்சிருக்கிற மரையையும் அதே நேரத்துல திருகிப் பாருங்க. நான் ஒவ்வொரு தடவையும் புழு மாத்தும்போது இத செய்வேன், தனியா நேரம் பாக்க வேண்டியதில்ல. இணைப்புல மெழுகுவர்த்திய லேசா தேச்சா புடிமானம் கூடும், கழட்டவும் லேசு.

எடம் மாறும்போது நூல சுத்தி எடுத்து கொக்கிய ராட்டுல இருக்கிற சின்ன வளையத்துல மாட்டிருங்க. தொங்குற கொக்கியோட ஆத்தக் கடந்தா அது செடியில மாட்டும், இல்லன்னா உங்க தொடையில மாட்டும், ரெண்டுமே ஆள விழுத்தும்.

உங்க வயசுக்கு இன்னொன்னும் சொல்றேன், தப்பா நெனைக்காதீங்க. சப்பாத்துக்கு மேல பழைய தடிச்ச மேஸ் (சொக்ஸ்) ஒரு ஜோடி இழுத்துப் போட்டுக்கோங்க, பாசிக் கல்லுல ரப்பர் அடிப்பக்கத்தவிட துணி நல்லா புடிக்கும். பாட்டா செருப்போட எறங்கவே எறங்காதீங்க. கால்ல வெட்டு, அட்டை கடிச்ச புண்ணு இருந்தா அன்னைக்கு கரையில இருந்தே போடுங்க, எலிக்காய்ச்சல் அந்த வழியாதான் ஒடம்புக்குள்ள போகும். அப்பிடியே விழுந்துட்டீங்கன்னா கையில இருக்கிறத விட்டுருங்க, மல்லாக்க படுங்க, காலு தண்ணி ஓடுற பக்கம் நீட்டியிருக்கட்டும், கால்வெரல் மேல தெரியட்டும். வேகமான எடத்துல எந்திரிச்சு நிக்கப் பாக்காதீங்க, கால் ரெண்டு கல்லுக்கு நடுவுல சிக்குனா தண்ணி ஒடம்ப மடக்கிப் போட்டுரும். ஓட்டம் கொறஞ்ச எடம் வந்ததும் உருண்டு கைய ஊண்டி எந்திரிங்க.

கேள்வி: புடிச்ச மீன கோர்வையில கோத்து இடுப்புல கட்டிக்கிட்டு நிப்பேன், ஒவ்வொரு தடவையும் கரைக்கு அஞ்சு நிமிஷம் நடந்து போய் வர அலுப்பா இருக்கு. அது சரியா, பேக்ல போடணுமா? (நோர்வூட் வாசகர்)

பதில்: இடுப்புல வேணாம் தம்பி. ரெண்டு திலாப்பியா ஒன்னும் செய்யாது, ஆனா பத்து மீன் கோர்வையில சேந்தா தண்ணி அத இழுக்கிறப்ப ஒரு பக்கமா உங்கள சாய்க்கும், காலுக்கு நடுவுலயும் சுத்தும். முதுகுல மீன் நெறைஞ்ச பேக் இருந்தாலும் அதே கததான், மீன் கூடக்கூட நீங்க நிக்கிற நிலை மாறிக்கிட்டே போகும், அது உங்களுக்கே தெரியாது. கரையோரமா நெழல்ல, ஓட்டம் இல்லாத எடத்துல ஒரு வேர்ல கோர்வைய கட்டிருங்க, தண்ணிக்குள்ளயே கெடந்தா மீனும் சீக்கிரம் கெடாது. அஞ்சு நிமிஷம் நடந்து போய் வர அலுப்பா இருக்குன்னு எழுதியிருந்தீங்க. நடங்க, அந்த அஞ்சு நிமிஷத்துல ஆத்தோட கலர் மாறியிருக்கா, அடையாளக் கல்லுல தண்ணி ஏறியிருக்கான்னு கரையில நின்னு பாத்துட்டு எறங்கலாம்.